கூற்றும் குரலும்: ‘தி பேண்ட்’ இசைக்குழுவின் இரண்டாம் தொகுப்பில் படைப்பு வளர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்க ரூட்ஸ் ராக் இசையின் முன்னோடிக் குழுக்களுள் ஒன்று ‘தி பேண்ட்’. 1968இல் வெளிவந்த அதன் முதல் தொகுப்பிற்கும் 1969இல் வெளிவந்த இரண்டாம் தொகுப்பிற்கும் இடையே நிகழ்ந்த படைப்பு வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வளர்ச்சி புதுமையான ஒலிகளைச் சேர்த்ததால் வந்ததன்று. பாடலில் பேசுபவர் யார், எங்கிருந்து, எக்காலத்தில் பேசுகிறார் என்பதைத் துலக்கமாக்கியதால் வந்தது என்பது கட்டுரையின் கருதுகோள். தமிழ்க் கவிதையியலின் ‘கூற்று’ என்னும் கருத்தாக்கம் பகுப்பாய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. கூற்றுமுறையால் விளைந்த பேறுகளோடு, அம்முறை செவிசாய்க்கத் தவறிய குரல்களும், கூட்டு உழைப்பு தனியொருவர் பெயரில் பதிவான சிக்கலும் விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ரூட்ஸ் ராக், தி பேண்ட், கூற்று, குரல், கூட்டுப்படைப்பு, பாடலாசிரியர் உரிமை

முன்னுரை

ஒரு படைப்பாளியின் முதல் நூல் அவர் அதுவரை சேர்த்துவைத்த வாழ்நாள் முழுவதன் விளைவு. இரண்டாம் நூலுக்கோ ஓரிரு ஆண்டுகளே வாய்க்கின்றன. ஆகவே படைப்பாளி தமக்கெனக் கண்டுகொண்ட முறை எது என்பதை இரண்டாம் படைப்பே காட்டுகிறது. இலக்கியத் திறனாய்வில் பழகிய இக்கருத்து இசைத்தொகுப்புகளுக்கும் பொருந்தும்.

நாட்டுப்புறப் பாடல், புளூஸ், கண்ட்ரி, கோஸ்பல் முதலிய பழைய மரபுகளிலிருந்து ஊட்டம் பெற்று எழுந்த ராக் இசையை ‘ரூட்ஸ் ராக்’ என்பர். வேர்களைத் தேடும் இவ்வகை இசையில் ‘வளர்ச்சி’ என்னும் சொல் ஒரு முரணைத் தன்னகத்தே கொண்டுள்ளது. பழமையை நோக்கித் திரும்பும் கலை எவ்வாறு முன்னேறுகிறது? இவ்வினாவிற்கு விடை காண ஏற்ற சான்று, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1969 செப்டம்பரில் வெளிவந்த ‘தி பேண்ட்’ தொகுப்பு. பழுப்பு நிற அட்டையால் ‘பழுப்புத் தொகுப்பு’ என்றும் இது அழைக்கப்படுகிறது. இக்கட்டுரையில் இது ‘இரண்டாம் தொகுப்பு’ எனச் சுட்டப்படும்.

இத்தொகுப்பு பற்றிய திறனாய்வில் இரு போக்குகள் உள்ளன. 1975இல் வெளிவந்த ‘மிஸ்டரி ட்ரெய்ன்’ நூலில் கிரீல் மார்கஸ் செய்ததுபோல், அமெரிக்கா என்னும் நாட்டைப் புதிதாகக் கண்டடையும் முயற்சியாக இக்குழுவின் பாடல்களை வாசிப்பது முதல் போக்கு. தென்மாநிலத் தோல்வியின் ஏக்கத்தை இத்தொகுப்பு அழகுபடுத்துகிறதா என வினவுவது, பிற்காலத்தில் வலுப்பெற்ற இரண்டாம் போக்கு. இரண்டும் பாடல்கள் எதைச் சொல்கின்றன என்பதிலேயே பெரிதும் நிலைகொள்கின்றன. யார் சொல்கிறார், யார் பாடுகிறார் என்னும் வினாக்களைத் தனித்தனியே எழுப்பினால் இரு போக்குகளுக்கும் இடையிலான பிணக்கு வேறொரு தளத்தில் தெளிவுபெறும்.

குழுவின் பின்புலமும் முதல் தொகுப்பும்

குழுவினர் ஐவர். ராபி ராபர்ட்சன், ரிக் டேங்கோ, ரிச்சர்ட் மேனுவல், கார்த் ஹட்சன் ஆகிய நால்வரும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தவர். தாளக் கலைஞர் லெவான் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பருத்தி உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பாடகர் ரோனி ஹாக்கின்ஸின் பின்னணிக் குழுவாக இணைந்த இவர்கள், 1964இல் அவரிடமிருந்து பிரிந்தனர். 1965, 1966ஆம் ஆண்டுகளில் பாப் டிலனின் மின்கிதார் இசைப் பயணங்களில் வாசித்தனர். 1967இல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் சாகர்டீஸ் பகுதியில், இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வீடொன்றின் நிலவறையில் டிலனுடன் பழம்பாடல்களையும் புதுப்பாடல்களையும் பதிவுசெய்தனர். அவ்வீட்டின் பெயரையே ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’ (1968) என்னும் முதல் தொகுப்பு ஏற்றது.

முதல் தொகுப்பின் பதினொரு பாடல்களின் ஆசிரியர் பங்கீடு கருதத்தக்கது. டிலன் தனித்து எழுதியது ஒன்று. மேனுவலுடனும் டேங்கோவுடனும் இணைந்து எழுதியவை தலா ஒன்று. மேனுவல் தனித்து எழுதியவை மூன்று. ராபர்ட்சன் எழுதியவை நான்கு. எஞ்சியது ‘லாங் பிளாக் வெய்ல்’ என்னும், குழுவினர் எழுதாத கண்ட்ரி பாடல். பல கைகளின் தடம் பதிந்த தொகுப்பு அது. அட்டை ஓவியமும் டிலன் வரைந்ததே.

இத்தொகுப்பின் புகழ்பெற்ற பாடலான ‘தி வெயிட்’ ஓர் உவமைக்கதை போன்றது. களைத்த வழிப்போக்கன் ஒருவன் ஓர் ஊருக்கு வருகிறான். சந்திக்கும் ஒவ்வொருவரும் அவன்மேல் ஒரு சுமையை ஏற்றுகின்றனர். அவ்வூரின் பெயர் நாசரேத். பெயர் விவிலியத்தை நினைவூட்டினாலும், பென்சில்வேனியாவிலுள்ள நாசரேத் மார்ட்டின் கிதார்கள் செய்யப்படும் ஊர் என்பதே ராபர்ட்சன் அதைக் கையாண்டதற்குக் காரணம். எனவே கேட்போருக்கு அவ்வூர் எங்கும் இருக்கலாம். வழிப்போக்கனின் தொழிலோ காலமோ தெரிவதில்லை. பாடலின் ஆற்றலே இந்தத் தெளிவின்மையில் உள்ளது. எனினும் இதன் மொழியில் டிலனின் அக்காலப் புதிர்நடை நிழலாடுவதை மறுக்க இயலாது. தம் மொழி இன்னதென இன்னும் தீர்மானிக்காத குழுவொன்றின் சிறந்த படைப்பு எனலாம்.

இடமும் காலமும் தொழிலும் பெற்ற பேச்சாளர்

சங்க அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, செவிலி எனப் பாத்திரமொன்றின் கூற்றாகவே பாடல் அமைகிறது. யார், யாரிடம், எந்நிலையில் பேசுகிறார் என்பதை அறிந்தாலன்றிப் பொருள் முற்றுப்பெறாது. அகத்தில் பேசுபவருக்கு இயற்பெயர் இல்லை. புறத்திலோ பெயரும் ஊரும் போரும் இடம்பெறுகின்றன. இம்மரபுக்கும் அமெரிக்கப் பாடலுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் ‘நான்’ என்று ஒலிக்கும் சொல்லைப் பாடலாசிரியரின் தன்வரலாறாகக் கொள்ளாமல் பாத்திரத்தின் பேச்சாகக் கொள்ளும் வாசிப்புமுறையை ‘கூற்று’ என்னும் கலைச்சொல் சுருக்கமாகத் தருகிறது. இக்கட்டுரை அதனை இந்த அளவிலேயே கையாள்கிறது.

இந்நோக்கில் இரண்டாம் தொகுப்பின் பன்னிரண்டு பாடல்களை அணுகினால் மாற்றம் உடனே புலப்படுகிறது. ‘அப் ஆன் கிரிப்பிள் கிரீக்’ பாடலில் பேசுபவன் சரக்குந்து ஓட்டி. லூசியானாவின் லேக் சார்ல்ஸில் அவனுக்கு ஒரு துணைவி உண்டு. ‘ராக்கிங் சேர்’ பாடலில் பேசுபவர் வாழ்நாளெல்லாம் கடலில் கழித்து எழுபத்து மூன்று வயதை நெருங்கும் மாலுமி. இனிப் பாய் விரிக்க வேண்டா, வர்ஜீனியாவிற்கே திரும்பிவிடலாம் என நண்பரிடம் மன்றாடுகிறார். ‘வென் யூ அவேக்’ பாட்டன் சொன்ன அறிவுரைகளை நினைவுகூர்கிறது. ‘ஜாபோன்’ திருந்தாத திருடன் ஒருவனைச் சுற்றியது. ‘கிங் ஹார்வெஸ்ட்’ உழவனின் கூற்று. ‘தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்’ பாடலில் பேசுபவனோ தன் பெயரையே முதலில் அறிவிக்கிறான்.

முதல் தொகுப்பில் பெயர்கள் பலவிருந்தும் பேசுபவர் மங்கலாக இருந்தார். இரண்டாம் தொகுப்பில் பேசுபவருக்குத் தொழில் உண்டு, வயது உண்டு, திரும்பிச் செல்ல ஊர் உண்டு. மொழியும் அதற்கேற்ப எளிமையுற்றது; புதிர்ச்சொற்கள் குறைந்து அன்றாடச் சொற்கள் மிகுந்தன. டிலனின் நிழலிலிருந்து குழு விடுபட்டது டிலனைவிடக் கடினமாக எழுதியதால் அன்று. அவர் அப்போது விட்டுச்சென்ற எளிய கதைப்பாடல் வழியில் தமக்குரிய மாந்தரைக் கண்டடைந்ததால்.

‘ராக்கிங் சேர்’ பாடப்பட்டபோது அதை எழுதிய ராபர்ட்சனுக்கும் பாடிய மேனுவலுக்கும் வயது இருபத்தைந்தை ஒட்டியதே. இளைஞர் எழுச்சியே ராக் இசையின் பேசுபொருளாக இருந்த 1969ஆம் ஆண்டில், இளைஞர்கள் முதியவரின் தளர்ச்சியைத் தம் குரலில் ஏற்றது ஒரு கலைத்துணிவு. கேலியோ மிகையுணர்ச்சியோ அதில் இல்லை. தம் வயதையும் தம் காலத்தையும் கடந்து வேறொருவராகப் பேசும் திறனே இத்தொகுப்பின் முதன்மைப் பேறு.

எழுதுபவரும் பாடுபவரும்

கூற்றுமுறைக்கு இக்குழுவின் கட்டமைப்பும் துணைநின்றது. முதல் தொகுப்பில் ‘டு கிங்டம் கம்’ பாடலில் ராபர்ட்சனின் குரல் முதன்மையாக ஒலித்தது. இரண்டாம் தொகுப்பில் பன்னிரண்டு பாடல்களின் ஆசிரியர் பட்டியலிலும் அவர் பெயர் உள்ளது. முதன்மைக் குரலாக ஒன்றில்கூட அவர் பாடவில்லை. எழுதுபவர் முற்றிலும் பின்னகர, ஹெல்ம், மேனுவல், டேங்கோ ஆகிய மூவரின் குரல்களே பாத்திரங்களை ஏற்கின்றன. தன்னைப் பற்றி எழுதித் தானே பாடும் கவிப்பாடகர் மரபு வலுப்பெற்றுவந்த காலத்தில் இப்பிரிவினை ஒரு நாடக அரங்கின் ஒழுங்கைப் பாடலுக்குத் தந்தது.

மூன்று குரல்களின் இயல்பும் வேறு. ஹெல்மின் குரலில் ஆர்கன்சா வட்டார ஒலிப்பும் கதைசொல்லியின் வறண்ட நகையும் உண்டு. சரக்குந்து ஓட்டியும் தோற்ற படையின் தொடர்வண்டிப் பணியாளனும் அவர்வசம் சேர்ந்தது இயல்பே. மேனுவலின் உயர்கட்டைக் குரல் உடைந்துவிடும் விளிம்பில் நிற்பது. முதுமையும் தனிமையும் வறுமையும் அதற்குப் பொருந்தின. டேங்கோவின் குரல் படபடப்பும் இறைஞ்சலும் கொண்டது; வேலையிலிருந்து நீக்கப்பட்ட பணியாளரை நோக்கிய ‘தி அன்ஃபெய்த்ஃபுல் சர்வன்ட்’ பாடலின் ஈரநெஞ்சத்தை அதுவே தாங்குகிறது. பேசுபவர் முதலாளியா, உடன் பணிபுரிந்தவரா என்பதைச் சொற்கள் அறுதியிட்டுக் கூறுவதில்லை. அந்த ஐயத்தைத் தீர்க்காமல் குற்றச்சாட்டையும் பரிவையும் ஒருசேர ஒலிக்கச் செய்வது டேங்கோவின் பாடும் முறையே.

குரல்கள் இணையும் முறையும் குறிப்பிடத்தக்கது. வழக்கமான இன்னிசைக் கூட்டுப்பாடலில் குரல்கள் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே நிறம் பெறும். இங்கோ ஒவ்வொரு குரலும் தன் கரடுமுரடோடு தனித்தே கேட்கிறது. ‘ராக்கிங் சேர்’ பாடலில் தாளக்கருவி இல்லை. மாண்டலின், கிதார், அக்கார்டியன், பேஸ் ஆகியவற்றின் மேல் மூன்று குரல்களும் ஒன்றையொன்று முந்தியும் பிந்தியும் செல்கின்றன. திண்ணையில் அமர்ந்த முதியோர் ஒருவர் பேச்சை மற்றவர் முடித்துவைப்பதைப் போன்ற அமைப்பு அது.

இசையமைப்பில் அடக்கம்

1968இல் நேர்ந்த மகிழுந்து விபத்தில் டேங்கோவின் கழுத்தெலும்பு முறிந்ததால், முதல் தொகுப்பு வெளிவந்தபின் குழு மேடையேறவில்லை. ‘தி பேண்ட்’ என்னும் பெயரில் அவர்களின் முதல் பெரிய மேடை நிகழ்ச்சி 1969 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் நடந்தது. இரண்டாம் தொகுப்பின் பெரும்பகுதி அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. ரசிகர்களின் கைத்தட்டலுக்கேற்ப இசையைப் பெருக்கும் தேவை எழாத இடைவெளியில் உருவான இசை அது.

முதல் தொகுப்பு நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களின் தொழில்முறை ஒலிப்பதிவுக் கூடங்களில் பதிவானது. இரண்டாம் தொகுப்பிற்காகக் குழுவினர் ஹாலிவுட் குன்றுப்பகுதியில், நடிகரும் பாடகருமான சாமி டேவிஸ் ஜூனியருக்கு முன்னர் உரியதாயிருந்த வீட்டை வாடகைக்கு எடுத்தனர். நீச்சல்குளத்தை ஒட்டிய சிறு கட்டடத்தையே பதிவறையாக மாற்றினர். சில பாடல்கள் மட்டும் நியூயார்க்கில் நிறைவுபெற்றன. தயாரிப்பாளர் இரு தொகுப்புகளுக்கும் ஜான் சைமனே. எனவே ஒலியின் மாற்றத்தைத் தயாரிப்பாளர் மாற்றத்தால் விளக்க இயலாது. முதல் தொகுப்பில் குரல்களைச் சூழ்ந்திருந்த எதிரொலி இதில் ஒடுங்கி, அறையின் மரச்சுவர் அருகில் இருப்பதுபோன்ற உலர்ந்த ஒலி கிடைத்தது. தொலைவிலிருந்து வந்த உவமைக்கதை, பக்கத்து இருக்கையிலிருந்து கேட்கும் பேச்சாயிற்று.

இசைக்கருவிகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டதும் இத்தொகுப்பில் முறையாகவே வளர்ந்தது. ‘ரேக் மாமா ரேக்’ பாடலில் தாளக் கலைஞரான ஹெல்ம் மாண்டலின் வாசிக்கிறார். பியானோ கலைஞரான மேனுவல் தாளம் இசைக்கிறார். பேஸ் கலைஞரான டேங்கோ ஃபிடில் ஏந்துகிறார். ஆர்கன் கலைஞரான ஹட்சன் பியானோவில் அமர்கிறார். பேஸ் கிதார் இல்லாத குறையைத் தயாரிப்பாளர் சைமனே டியூபா ஊதி நிரப்புகிறார். ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய கருவியின் சாகசங்களைக் கைவிட நேர்ந்ததால், மேனுவலின் தாளத்தில் பயிற்சிபெற்றவரிடம் காண இயலாத தள்ளாட்டம் அமைந்து, அதுவே பாடலின் துள்ளலாகிறது.

‘கிரிப்பிள் கிரீக்’ பாடலில் ஹட்சன் கிளாவினெட் என்னும் மின்விசைப்பலகையை வா-வா மிதியின் வழியே செலுத்தி, மோர்சிங்கை ஒத்த நாட்டுப்புறக் கருவியின் ஒலியை எழுப்புகிறார். அக்காலத்தின் புதிய மின்கருவி பழைமையின் ஒலியைத் தருவதற்குப் பயன்பட்டது. வேர்களைத் தேடும் இசையில் வளர்ச்சி எங்ஙனம் இயலும் என்னும் தொடக்க வினாவிற்கு இதனுள் ஒரு விடை உண்டு. பழைமை இங்கே அருங்காட்சியகப் பொருளன்று. கையிலுள்ள கருவிகளைக் கொண்டு புனையப்படும் ஒன்று.

கூற்றின் எல்லை: ‘டிக்ஸி’

கூற்றுமுறையின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே தோன்றுவது ‘தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்’ பாடலில். உள்நாட்டுப் போரின் இறுதிக் காலத்தில், டேன்வில் தொடர்வண்டியில் பணியாற்றிய வர்ஜில் கேய்ன் என்பவனின் கூற்று இது. ஸ்டோன்மனின் குதிரைப்படை தண்டவாளங்களைப் பெயர்த்ததையும், பசியையும், பதினெட்டு வயதில் கொல்லப்பட்ட உடன்பிறந்தானையும் அவன் சொல்கிறான். வரலாற்றுப் பின்புலம் துல்லியமானது. 1865இல் தளபதி ஜார்ஜ் ஸ்டோன்மனின் படை தென்மாநிலத் தொடர்வண்டிப் பாதைகளைத் துண்டித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ரிச்மண்ட் வீழ்ந்தது. கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் தப்பிச் சென்றது டேன்விலுக்கே. கனடியரான ராபர்ட்சன் இவ்வரலாற்றை அறிந்துகொள்ளத் தாம் அவரை நூலகத்திற்கு அழைத்துச் சென்றதாக ஹெல்ம் தம் நினைவுக்குறிப்பில் பதிவுசெய்துள்ளார்.

இத்துல்லியத்தின் மதிப்பு, அது இழக்கப்பட்டபோது நன்கு விளங்கியது. 1971இல் ஜோன் பேயஸ் பாடிய வடிவம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றது. இசைத்தட்டைக் கேட்டே அவர் சொற்களைக் கற்றதால், ஸ்டோன்மன் என்னும் பெயர் மறைந்து குதிரைப்படையின் மிகுதியைச் சுட்டும் பொதுச்சொல்லாயிற்று. பெயர் போனதும் குறிப்பிட்ட ஒருவனின் நினைவு, எந்தப் போருக்கும் பொருந்தும் இரங்கலாகிவிட்டது.

1969இல் ரால்ஃப் கிளீசன் இப்பாடலின் வரலாற்றுணர்வை ஸ்டீபன் கிரேனின் போர்நாவலோடு ஒப்பிட்டுப் போற்றினார். கறுப்பின எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸோ, இதை ஒடுக்கியோர் தரப்பின் புலம்பலாகவே தம்மால் கேட்க முடிந்தது என 2009இல் எழுதினார். பேசுபவன் பண்ணை உடைமையாளன் அல்லன், ஏழைத் தொழிலாளி என்பது பாடலை ஏற்போரின் வாதம். கூற்றை ஆசிரியரின் கருத்தாகக் கொள்ளலாகாது என்னும் நெறியும் இதற்குத் துணைசெய்யும். ஆனால் அந்நெறி மட்டுமே போதிய விடையாகாது. ஒரு கூற்றைத் தேர்ந்தெடுப்பதும், அதற்கு எத்தகைய இசையை அளிப்பது என்பதும் பாத்திரத்தின் செயல்கள் அல்ல, படைப்போரின் செயல்கள்.

இவ்விடத்தில் பாடலின் பல்லவி கூர்ந்து நோக்கத்தக்கது. தோல்வியுற்ற அவ்விரவில் மணிகள் ஒலித்ததையும் மக்கள் பாடியதையும் வர்ஜில் நினைவுகூர்கிறான். பாடியவர் யார், எதற்காகப் பாடினர் என்பதை அவன் சொல்வதில்லை. 1865இல் தெற்கின் வீழ்ச்சி ஏறத்தாழ நாற்பது இலட்சம் அடிமைகளின் விடுதலைக்கு வழிவகுத்தது. ரிச்மண்டிற்குள் முதலில் நுழைந்த வடபடைகளுள் கறுப்பின வீரர்களின் பிரிவுகளும் இருந்தன. அங்கிருந்த கறுப்பின மக்கள் அவர்களை ஆரவாரத்தோடு வரவேற்றனர். எனவே அவ்விரவில் பாடியவர்களுள் விடுதலை பெற்றோரும் உண்டு என்று கொள்ளப் பாடல் இடந்தருகிறது. வர்ஜிலின் கூற்றில் பிறர் குரல் கேட்கும் இடங்களுள் ஒன்று அது. அவன் கேட்கிறான், ஆனால் இன்னார் எனக் காணவில்லை.

சொல்லளவில் இது கூற்றுமுறையின் நுட்பம்: பேசுபவனின் அறியாமை அவன் பேச்சாலேயே வெளிப்படுகிறது. இசையளவில் நிகழ்வது வேறு. பல்லவியில் மூவரின் குரல்களும் இணைந்து எழும்போது, மெட்டின் துயரம் ‘மக்கள் பாடினர்’ என்னும் செய்தியையும் வர்ஜிலின் இழப்புக்குள் இழுத்துக்கொள்கிறது. கொண்டாட்டமாக இருந்திருக்கக்கூடிய பாட்டு ஒப்பாரியாகவே நம் செவியை எட்டுகிறது. சொற்கள் திறந்துவைத்த வாயிலை இசை அடைத்துவிடுகிறது எனலாம். கிளீசன் கேட்ட மனிதநேயமும் கோட்ஸ் கேட்ட புறக்கணிப்பும் ஒரே பாடலில் உண்மையாக இருப்பதற்குக் காரணம் இப்பிளவே.

‘கிங் ஹார்வெஸ்ட்’: வேறொரு வழி

தொகுப்பின் இறுதிப் பாடலான ‘கிங் ஹார்வெஸ்ட்’ இச்சிக்கலை வேறுவிதமாக அணுகுகிறது. களஞ்சியம் எரிந்து, மழை பொய்த்து, குதிரை வெறிபிடித்த நிலையில் தொழிற்சங்கத்தை நம்பும் உழவனின் கூற்று இது. பொதுவாக ராக் பாடலில் சரணம் தாழ்ந்தும் பல்லவி உயர்ந்தும் ஒலிக்கும். இங்கே அம்முறை தலைகீழாகிறது. மேனுவல் பாடும் சரணங்களில் பதற்றம் ஏறுகிறது. வயல்களில் காற்றசையும் ஓசையைக் கூறும் பல்லவியோ முணுமுணுப்பாக அடங்குகிறது. சங்கம் தரும் நம்பிக்கையை இசை உறுதிசெய்வதில்லை, மறுப்பதுமில்லை. முடிவில் ராபர்ட்சனின் கிதார் வெடித்தெழாமல், சிறுசிறு தொடர்களாகத் தயங்கித் தயங்கி ஒலித்து ஓய்கிறது.

இவ்வுழவனின் நிறத்தைப் பாடல் சொல்லவில்லை. இம்மௌனம் ‘டிக்ஸி’யின் மௌனத்தினின்றும் வேறானது. ஹெல்ம் பிறந்த ஆர்கன்சாவின் பிலிப்ஸ் கவுண்டியில்தான் 1919இல் சங்கமாகத் திரண்ட கறுப்பினக் குத்தகை உழவர்கள் எலெய்ன் படுகொலை எனப்படும் கொடுமைக்கு ஆளாயினர். 1934இல் அதே மாநிலத்தின் டைரன்சா என்னும் ஊரில் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் இணைந்த தென்மாநிலக் குத்தகை உழவர் சங்கம் தோன்றியது. இப்பாடல் இந்நிகழ்வுகளைச் சுட்டுவதாகக் கொள்ளப் பாடலுக்குள் சான்றில்லை. ஆயினும் சங்கத்தை நம்பிய உழவனின் அச்சம் அம்மண்ணில் எத்தகைய பொருள் கொண்டது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. சரணத்தின் பதற்றமும் பல்லவியின் அடங்கிய குரலும் அவ்வச்சத்திற்கு இடமளிக்கின்றன. இங்கே இசை வாயிலை அடைக்கவில்லை. கூற்றுமுறையில் குழு எட்டிய முதிர்ச்சியின் உச்சம் புகழ்பெற்ற ‘டிக்ஸி’யைவிட இப்பாடலிலேயே உள்ளது என்று மதிப்பிட இது இடந்தருகிறது.

யாருடைய வளர்ச்சி?

இதுவரை ‘குழுவின் வளர்ச்சி’ எனக் கூறப்பட்டது. பதிவுகளோ வேறொரு வளைகோட்டைக் காட்டுகின்றன. மேனுவலின் பெயர் முதல் தொகுப்பின் நான்கு பாடல்களில் ஆசிரியராக இடம்பெற்றது. அவற்றுள் மூன்று தனித்து எழுதியவை. இரண்டாம் தொகுப்பில் அவர் பெயர் உள்ளவை மூன்று. மூன்றும் ராபர்ட்சனுடன் இணைந்தவை. 1970இல் வந்த ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ தொகுப்பில் இரண்டு. 1971இல் வந்த ‘கஹூட்ஸ்’ தொகுப்பில் ஒன்றுமில்லை. ஹெல்மின் பெயர் இரண்டாம் தொகுப்பில் ‘ஜெமைமா சரண்டர்’ ஒன்றில் மட்டும் காணப்படுகிறது. ஒருவரின் எழுத்து வளர்ந்த காலமே மற்றொருவரின் எழுத்து ஓய்ந்த காலமாகவும் இருந்தது. மேனுவல் மெட்டமைத்து ராபர்ட்சன் சொற்களை எழுதிய ‘விஸ்பரிங் பைன்ஸ்’ இத்தொகுப்பின் மிக அகவயமான பாடல். தொழிலோ ஊரோ பெயரோ இல்லாத தனிமையின் குரல் அதில் ஒலிக்கிறது. கூற்றுமுறையின் வெற்றி இத்தகைய குரலுக்குத் தொகுப்பில் இடத்தைக் குறைத்தது என்பதும் மதிப்பீட்டில் சேர வேண்டும்.

பாடலாசிரியர் உரிமை என்பது பெருமை மட்டுமன்று. வாழ்நாள் முழுதும் வரும் வருவாயும் அதுவே. ஒத்திகைகளில் கூட்டாக உருவானவை தனியொருவர் பெயரில் பதிவாயின என்பது 1993இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் ஹெல்ம் எழுப்பிய குறை. ராபர்ட்சன் அதனை ஏற்கவில்லை. எழுதும் பொறுப்பைத் தாமே சுமந்ததாக அவர் கூறிவந்தார். 2025 ஜனவரியில் ஹட்சன் மறைந்ததோடு ஐவரும் காலமாயினர். வழக்கைத் தீர்க்கச் சாட்சியர் எவரும் இல்லை. பதிவான ஒலி மட்டுமே உள்ளது.

அவ்வொலியை ஆராய்வோர் ஒரு வேறுபாட்டைப் பேண வேண்டும். காப்புரிமைச் சட்டம் பாடல் என்பதைச் சொல்லும் மெட்டும் எனக் கொள்கிறது. கூற்று என்பதோ சொல்லோடு முடிவதில்லை, குரலால்தான் நிறைவுறுகிறது. வர்ஜில் கேய்ன் ராபர்ட்சனின் சொற்களில் பிறந்தாலும், ஹெல்மின் ஒலிப்பிலும் தாளத்திலுமே ஆளுருப் பெறுகிறான். ‘ரேக் மாமா ரேக்’ பாடலின் தள்ளாட்டத்தை எந்த ஆசிரியர் பட்டியலும் பதிவுசெய்யாது. மேலே கண்ட வளர்ச்சியின் பெரும்பகுதி, அதாவது குரல் பங்கீடு, கருவி மாற்றம், உலர்ந்த ஒலி ஆகியன, சட்டம் ‘பாடல்’ என ஏற்காத பகுதியிலேயே நிகழ்ந்துள்ளது. இதனால் பட்டியல் பொய் என்றாகாது. பட்டியலை மட்டும் கொண்டு ‘படைப்பாளி யார்’ என அறுதியிடுவது திறனாய்வுக்குப் போதாது என்பதே இங்குப் பெறப்படுகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் நான்கு. முதலாவது, தி பேண்ட் குழுவின் இரண்டாம் தொகுப்பில் நிகழ்ந்த வளர்ச்சி, பேசுபவர் எவரெனத் தெரியாத உவமைக்கதையிலிருந்து இடமும் காலமும் தொழிலும் கொண்ட கூற்றுக்கு நகர்ந்தது. இரண்டாவது, எழுதுபவர் பாடாமல் பின்னகர்ந்ததும், கருவிகளை மாற்றிக்கொண்டதும், எதிரொலி ஒடுங்கிய ஒலிப்பதிவும் அந்நகர்வைச் சாத்தியமாக்கின. மூன்றாவது, கூற்றின்மேல் கொள்ளும் பரிவு பிற குரல்களை மூழ்கடிக்கக்கூடும் என்பதை ‘டிக்ஸி’யும், மூழ்கடிக்காமலும் அமைக்க இயலும் என்பதைக் ‘கிங் ஹார்வெஸ்ட்’டும் ஒரே தொகுப்புக்குள் காட்டுகின்றன. நான்காவது, இவ்வளர்ச்சி கூட்டாக ஒலித்தது. ஆனால் ஒருவர் பெயரில் குவிந்தது.

பிறராகப் பேசும் கலை உயர்ந்தது. எனினும் எந்தப் பிறர் என்பதும், அவருக்குக் குரல் தந்தவர் யாவர் என்பதும் அக்கலையின் மதிப்பீட்டிலிருந்து நீக்க இயலாத வினாக்கள். ‘மக்கள் பாடினர்’ என வர்ஜில் கேய்ன் நினைவுகூரும் இடத்தில், அம்மக்கள் யாவர் எனக் கேட்கும் கடமை பாடலைப் போற்றுவோர்க்கும் மறுப்போர்க்கும் பொதுவானது.